லுஷோமோ அம்மாவின் சொந்தப் பெயர்

கிட்வே நகரம், கன்செங்கு குடியிருப்புக் காவல் நிலையத்தில் ஆய்வாளர் திருமதி நவிலா முன்னிலையில், ஹபீன்சு என்பவர் மீதான கொலை முயற்சி வழக்கில் விசாரிக்கப்பட்டபோது நான் சொன்னது.

என் பெயர் எக்சில்டா கபாசோ. வயது முப்பத்தாறு. கணவர் பெயர் கெர்ஷோம் கபாசோ, சுரங்கத்தில் தாது கழுவும் இடத்தில் வேலை பார்க்கிறார். கன்செங்கு சந்தைக்குப் பின்புறம் நான்காம் வரிசையில் தகரக் கூரை வீட்டில் பதினோரு வருடமாகக் குடியிருந்து வருகிறேன். குழந்தை இல்லை. இதை ஆய்வாளர் கேட்கவில்லை. நானாகத்தான் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

சந்தை வாசலில் மஞ்சள் பெட்டிக்கடை வைத்திருக்கிறேன். சிம் கார்டு பதிவு செய்து கொடுப்பதும், கைபேசிகளுக்குச் சார்ஜ் ஏற்றிக் கொடுப்பதும் என் தொழில். இரண்டு வருடமாக மின்சாரம் நாளுக்கு மூன்று மணி நேரம் வந்தால் பெரிது என்று ஆகிவிட்டபடியால், கூரையில் சூரியத் தகடு வைத்திருக்கும் என் கடையை விட்டால் இந்தப் பக்கத்தில் வேறு வழி கிடையாது. காலையில் வேலைக்குப் போகிற வழியில் கைபேசியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள், திரும்பும்போது வாங்கிக்கொள்வார்கள். சிலர் வாங்க வரவில்லை என்றால் இரண்டு நாள்கூட இருக்கும். கைபேசியின் முதுகில் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி, சிசோமோ அம்மா, மபாலோ அம்மா என்று பேனாவால் எழுதுவேன். பிள்ளை பெற்றவளை எங்கள் பக்கத்தில் யாரும் அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பெயருக்குக் கீழே பூட்டைத் திறக்கும் எண்ணையும் எழுதுவேன். ஊரிலிருந்து செய்தி வந்தால் நான் திறந்து படித்து, அவசரம் என்றால் ஆள் அனுப்பிச் சொல்ல வேண்டும் என்பதற்காக அவர்களே கொடுக்கிற எண் அது. எல்லாச் சார்ஜ் கடையிலும் இதுதான் வழக்கம். நான் ஒருத்தி மட்டும் களவாணி என்று எழுதிவிட வேண்டாம்.

போன மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு பெண், நான்கு வயதுப் பெண் குழந்தையை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு சிம் வாங்க வந்தாள். குழந்தை பெயர் லுஷோமோ. தேசிய அடையாள அட்டையைக் கேட்டபோது அதை உடனே நீட்டாமல் உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டு, "அக்கா, இத வேற யாருக்கும் காட்டமாட்டீங்கதானே?" என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டு, "அட போம்மா, நீ என்ன மந்திரி வீட்டு மகளா? குடு இப்படி" என்று வாங்கினேன். அட்டையில் முதிந்தா சியபுவெங்கோ, பிறந்த ஊர் மொன்ஸே என்று இருந்தது. வழக்கப்படி அட்டையையும் அவள் முகத்தையும் என் கைபேசியில் படம் பிடித்துக் கம்பெனிக்கு அனுப்பினேன். அனுப்பிய பிறகு படத்தை அழித்துவிட வேண்டும் என்பது விதி. நான் அழித்ததில்லை. ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட முகங்கள் என் கைபேசியில் கிடந்தன, இப்போது அது உங்கள் மேஜை இழுப்பறையில் இருக்கிறது, எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

அதன் பிறகு அவள் ஒருநாள் மழைக்கு என் கடைக்குள் ஒதுங்கியிருந்தபோது, இடது காதை ஒட்டித் தையல் தழும்பு இருப்பதைப் பார்த்து, என்னம்மா இது என்று கேட்டேன். புருஷன் ஹபீன்சு லாரி ஓட்டுபவன் என்றும், இரண்டு தடவை கழுத்தை நெரித்திருக்கிறான் என்றும், மூன்றாம் தடவைக்கு அவள் காத்திருக்கவில்லை என்றும் சொன்னாள். "அவன் என்னத் தேடிக்கிட்டேதான் இருப்பான்க்கா. எந்த ஊர்ல வண்டி நிறுத்தினாலும் என் பேரச் சொல்லிக் கேப்பான். ஆனா இங்க யாருக்கு என் பேரு தெரியும்? எல்லாருக்கும் நான் லுஷோமோ அம்மா. அதுபோதும் எனக்கு" என்றாள். எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. பதினோரு வருடமாகத் தெருவில் என்னை எக்சில்டா என்று மொட்டையாகத்தான் கூப்பிடுகிறார்கள்.

நான் ஏழாம் தூண் சபையைச் சேர்ந்தவள். சபையை நடத்தும் தீர்க்கதரிசி ஜெத்ரோவை நாங்கள் அப்பா என்று கூப்பிடுவோம். சபை மூப்பர் வெப்ஸ்டர் சிலேஷே ஈஸ்டருக்குப் பிறகு என் கடைக்கு வந்து, சபைக்குப் புதிதாக வருகிறவர்களுடைய சொந்தப் பெயரும் பிறந்த தேதியும் எண்ணும் வேண்டும், ஜெபத்தில் வைப்பதற்கு, என்று கேட்டார். கொடுத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா கூட்டத்துக்கு நடுவே வந்து நின்று கண்ணை மூடிக்கொண்டு, சிசோமோ அம்மாவின் சொந்தப் பெயரையும், அவள் கைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையும், பிறந்த தேதியையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் அலறிக் கீழே விழுந்தாள். சபையே எழுந்து கத்தியது. நான் அன்று மாலையே மூப்பரிடம் போய், "ஐயா, இதெல்லாம் நான் குடுத்ததாச்சே?" என்று கேட்டேன். அவர் பதறவில்லை. "நீங்க குடுத்தது வெறும் விறகு, சிஸ்டர். தீ மேலேர்ந்து வருது" என்றார். அதன் பிறகு அப்பாவே என்னை முன்வரிசைக்குக் கூப்பிட்டு வயிற்றின் மேல் கை வைத்து, வருகிற அறுவடைக்குள் ஒரு பிள்ளை என்று வாக்குக் கொடுத்தார். இதற்குமேல் நான் கேள்வி கேட்பேனா? கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஜூன் மாதம் மூப்பர் என் கைபேசியில் ஒரு செயலியை ஏற்றிவிட்டு, சார்ஜுக்கு வருகிற கைபேசிகளிலும் ஏற்றிவிடும்படி சொன்னார். விடியல் வசனம் என்று பெயர். தினமும் பொழுது விடியும்போது ஒரு ஆண் குரல் ஒரு வேதவசனத்தைச் சொல்லும். பூட்டைத் திறக்கும் எண் என்னிடம்தானே இருந்தது, ஆகவே அறுபத்து மூன்று கைபேசிகளில் ஏற்றினேன். யாரையும் கேட்கவில்லை. ஆனால் மாலையில் எல்லோரிடமும் சொன்னேன், சந்தோஷப்பட்டார்கள். லுஷோமோ அம்மாவின் கைபேசியிலும் ஏற்றினேன்.

இரண்டு வாரத்தில் வசனம் எங்களுக்குப் பதில் சொல்லத் தொடங்கியது. மபாலோ அம்மா வீட்டில் ஆடு விற்பது பற்றிப் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை. மறுநாள் விடியலில் அந்தக் குரல், "ஆட்டை விற்காதே மகளே" என்றது. அவள் கடைக்கு ஓடி வந்து, "எக்சில்டா, ஆட்டப் பத்தி நான் வெளிய யாருக்கும் சொல்லலியேடி" என்று என் கையைப் பிடித்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் அப்போது சந்தோஷம்தான், பயம் இல்லை. அடுத்த வாரம் நான் கெர்ஷோமுடன் உட்கார்ந்து மக்காச்சோளக் களியும் பொடிமீனும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அறுவடை முடிந்து போய்விட்டதே, வயிற்றில் ஒன்றும் இல்லையே என்று சொல்லி அழுதேன். குனிந்து, மெதுவாகத்தான் சொன்னேன். மறுநாள் விடியலில் என் கைபேசி, "எக்சில்டா, சாப்பிடும்போது ஏன் அழுதாய்?" என்று கேட்டது.

கெர்ஷோம் அதைக் கேட்டுப் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்து, "உங்க சாமிக்குக் காது இருக்குன்னு சொன்னப்ப நம்பினேன். இப்படி ஒட்டுக்கேக்குற காதுன்னு யாரும் சொல்லலியே" என்றார். பிறகு, "இங்க பாரு, இத வீட்டுக்கு வெளிய வச்சுட்டு வா" என்றார். எனக்கு வெளியே வைக்க மனம் வரவில்லை. பழைய துணியில் சுற்றி, மாவு டின்னுக்குள் போட்டு, மூடியை அழுத்தி மூடினேன். மறுநாள் சத்தமே இல்லை. அதற்கு அடுத்த நாள் டின்னுக்குள்ளிருந்து அந்தக் குரல், "எக்சில்டா, என்னை ஏன் இருட்டில் வைத்தாய்?" என்று கேட்டது. கோபமாகக் கேட்கவில்லை. பிள்ளையிடம் கேட்பதுபோல் கேட்டது. அதன் பிறகு வாரக் கணக்கில் நானும் கெர்ஷோமும் வீட்டுக்குள் ஒருவரோடொருவர் ஜாடையில்தான் பேசிக்கொண்டோம். அப்படிப் பேசியது மூப்பரா, இயந்திரமா, எனக்கு இன்றுவரை தெரியாது. அப்படிப் பயந்தவள் ஏன் நிறுத்தவில்லை என்று ஆய்வாளர் கேட்கிறார். பிள்ளை ஆசைதான். அறுவடை தாண்டினாலும் வாக்கு நிற்கும், நிறுத்தினால்தான் பொய்த்துவிடும் என்று நினைத்தேன்.

கடந்த மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை கைபேசி வழியாக வெளியூர்களுக்கும் நேரலையில் போய்க்கொண்டிருந்தது. அன்று அப்பா லுஷோமோ அம்மா முன்னால் வந்து நின்றார். அவள் சபைக்கு வந்து மூன்றாவது வாரம். நான்தான் வரச் சொல்லியிருந்தேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, "லுஷோமோ அம்மான்னு உன்னக் கூப்பிடுறாங்க. கர்த்தர் உன்ன வேற பேரு சொல்லிக் கூப்பிடுறார். முதிந்தா. முதிந்தா சியபுவெங்கோ" என்றார். கூட்டம் ஓவென்றது. அவள் அப்படியே நின்றாள். அவர் நிறுத்தவில்லை. "உடைஞ்ச தண்ணித் தொட்டிக்குப் பின்னால, நீலக் கதவு வீடு. ஆமாவா இல்லையா? தூங்குறதுக்கு முன்ன கதவுப் பிடிக்குக் கீழ ஒரு நாற்காலிய முட்டுக் குடுக்குற. ஆமாவா இல்லையா? ஏன் மகளே பயப்படுற? ஒரு மனுஷன் ஊர் ஊரா உன்னத் தேடுறான். உன் புருஷன். ஏழு நாளுக்குள்ள உன் வாசல்ல வந்து நிப்பான், உன் கண்ணீர் முடிஞ்சுது!" என்றார். பெண்கள் குலவையிட்டார்கள். பெயரை நான் கொடுத்திருந்தேன். நாற்காலியை நான் கொடுக்கவில்லை, எனக்கே தெரியாது. அவள் குழந்தையை இழுத்து முதுகில் போட்டுக்கொண்டு, துணியைக்கூடக் கட்டாமல் கையால் பிடித்தபடியே வெளியே போனாள்.

மறுநாள் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் கடைக்கு வந்தாள். அவள் கண் வீங்கியிருந்தது.

"அக்கா, என் அட்டையப் பாத்தது இந்த ஊர்ல நீங்க ஒருத்தர்தான். யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா?"

"நான் ஏன் சொல்றேன்?"

"சத்தியமா?"

"நாற்காலி விஷயத்த நான் எங்க கண்டேன்? சொல்லு. அது மனுஷன் சொன்னது இல்லம்மா. கடவுள் சொன்னது."

நான் சொன்ன பொய் இதுதான். இந்த வாக்குமூலத்தில் வேறு எதை விட்டாலும் இதை விடக் கூடாது என்று ஆய்வாளரைக் கேட்டுக்கொள்கிறேன். அவள், "கடவுளா இருந்தா சரி. அவர் போய் அவன்கிட்ட சொல்லமாட்டார்" என்றாள். வெளியூரில் இருக்கும் சித்தி மகள் கூப்பிடுவாள் என்றும், வெள்ளிக்கிழமை அங்கே போய்விடப் போவதாகவும் சொன்னாள். புதன்கிழமை சார்ஜ் தீர்ந்துபோய், கைபேசியை என்னிடம் கொடுத்து, சித்தி மகள் கூப்பிட்டால் எடுத்துப் பேசுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்காவிட்டால் அதை என்னிடம் கொடுத்திருக்கமாட்டாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணி சுமாருக்கு உயரமான ஆள் ஒருவன் கடைக்கு முன் வந்து நின்றான். சுத்தமாக உடுத்தியிருந்தான். ஒரு கையில் குழந்தைக்கு வாங்கிய சிவப்புச் செருப்பு, பையில்லாமல் அப்படியே பிடித்திருந்தான். அவன்தான் மேற்படி ஹபீன்சு. மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டு, தன் கைபேசியில் அந்த ஞாயிற்றுக்கிழமை நேரலையைப் போட்டுக் காட்டி, "அக்கா, இந்த உடைஞ்ச தண்ணித் தொட்டி எந்தப் பக்கம்?" என்று கேட்டான்.

"இங்க அப்படி எதுவும் இல்லீங்களே. வேற குடியிருப்பா இருக்கும்" என்றேன்.

"தீர்க்கதரிசி பொய் சொல்லுவாராக்கா?" என்று சிரித்தான்.

அப்போது பக்கத்தில் தக்காளி விற்கும் சிசோமோ அம்மா எட்டிப் பார்த்து, கைபேசியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தட்டைக் கீழே போட்டாள். "ஐயோ, இவர்தான்! லுஷோமோ அப்பா! ஏழு நாளுக்குள்ளன்னாரே, நாலே நாள்ல வந்துட்டாரேடி!" என்று கத்திக் குலவையிட்டாள். சந்தையில் இருந்த சபைப் பெண்கள் ஏழெட்டுப் பேர் ஓடி வந்துவிட்டார்கள். ஒருத்தி தன் இடுப்புத் துணியை அவிழ்த்து அவன் நடக்கிற வழியில் விரித்தாள். கைதட்டிப் பாடிக்கொண்டே அவனை முன்னால் விட்டு அழைத்துக்கொண்டு போனார்கள். நான் "போகாதீங்க, போகாதீங்கடி" என்று கத்தினேன். மபாலோ அம்மா திரும்பி, "உனக்கு வாக்கு இன்னும் பலிக்கலன்னா அடுத்தவளுக்கும் பலிக்கக் கூடாதா?" என்று சொல்லிவிட்டுப் பாட்டில் சேர்ந்துகொண்டாள்.

உடனே நான் லுஷோமோ அம்மாவைக் கூப்பிட்டு ஓடிவிடச் சொல்லலாம் என்று அவள் எண்ணை அழுத்தினேன். எனக்குப் பின்னால் அலமாரியில் மணி அடித்தது. திரும்பிப் பார்த்தேன். அவளுடைய கைபேசி, என் கையெழுத்தில் லுஷோமோ அம்மா என்று பிளாஸ்திரி ஒட்டியபடி, மற்ற கைபேசிகளுக்கு நடுவில் அதிர்ந்துகொண்டிருந்தது. நான் ஏனோ துண்டிக்கவில்லை. அது அடிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அந்த நேரத்தில் ஓடியிருந்தால் முந்தியிருக்கலாம்.

அதன் பிறகு கடையைப் பூட்டாமல் ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது நீலக் கதவைச் சுற்றிப் பெண்கள் பாடி ஆடிக்கொண்டிருந்தார்கள். அவன் கதவில் வாயை வைத்து, "முதிந்தா" என்று மெதுவாகக் கூப்பிட்டான். உள்ளே சத்தம் இல்லை. மறுபடியும் கூப்பிட்டான். அப்புறம் தோளால் மூன்று முறை இடித்தான். உள்ளே நாற்காலி உடைவது கேட்டது. பெண்கள் அதையும் சந்தோஷத்தில் செய்கிறான் என்று நினைத்துக்கொண்டார்கள். அவன் உள்ளே போய் அவளுடைய தலைமுடியைப் பிடித்து, உடைந்த நாற்காலிக் காலால் அடித்ததை நான் வாசலில் நின்று பார்த்தேன். முன்னால் நின்றவர்கள் அலறினார்கள். பின்னால் நின்றவர்களுக்கு ஒன்றும் தெரியாததால் அவர்கள் பாட்டு இன்னும் நிற்கவில்லை. சிசோமோ அம்மாதான் முதலில் உள்ளே பாய்ந்து அவன் முதுகில் தொங்கினாள், பிறகு நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவனை வெளியே இழுத்துப்போட்டுக் காவலர்களிடம் ஒப்படைத்தோம். குழந்தையைக் கட்டிலுக்கு அடியிலிருந்து நான் எடுத்தேன். அது ஒரு சத்தமும் போடவில்லை. அம்மா அதை அப்படிப் பழக்கியிருந்தாள். செருப்பு வாசலில் கிடந்தது.

தாடையும் வலது கையும் முறிந்த அவளைக் குழந்தையோடு அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பழக்கத்தில் சபைக்குப் போய்விட்டேன். அப்பா ஒலிபெருக்கியைப் பிடித்து, "ஏழு நாளுக்குள்ள அவன் வந்தானா வரலியா?" என்று கேட்டார். "வந்தான்!" என்று சபை சொன்னது. "வந்தானா வரலியா?" என்று மறுபடியும் கேட்டார். "வந்தான்! வந்தான்!" என்றார்கள். சிசோமோ அம்மா மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். நான் முன்வரிசையிலிருந்து எழுந்து நடுப்பாதை வழியாக வெளியே நடந்தேன். என் முதுகுக்குப் பின்னால் அவர் என் பெயரைச் சொன்னார். நான் திரும்பவில்லை.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் அவள் கட்டில் பக்கத்தில் நின்று, பெயரைக் கொடுத்தது நான், செயலியை ஏற்றியது நான், கடவுள் இல்லை, என்று முழுவதையும் சொன்னேன். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்ததால் அவளால் பேச முடியவில்லை. என்னைத் திட்டவாவது அவளுக்கு வாய் இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. இடது கையால் மருந்துச் சீட்டின் பின்புறத்தில் கோணல் மாணலாக எழுதி என்னிடம் நீட்டினாள். 'இனி நான் யார் பேருல ஒளியறது?' என்று எழுதியிருந்தது. அந்தச் சீட்டை ஆய்வாளரிடம் ஒப்படைத்திருக்கிறேன்.

அதன் பிறகு மூப்பர் வெப்ஸ்டர் சிலேஷே ஊரை விட்டுப் போய்விட்டார். விடியல் வசனத்தை அழித்துத் தருகிறேன் என்று வீடு வீடாகப் போனேன். பத்தொன்பது பேர் சம்மதித்தார்கள். மற்றவர்கள், எங்களுக்கு வசனம் வேண்டும், உனக்கென்ன வந்தது என்று கதவைச் சாத்தினார்கள். போன வாரம் ஹபீன்சு ஜாமீனில் வெளியே வந்தான் என்று கேள்விப்பட்டேன். அதே நாள் மதியம் லுஷோமோ அம்மாவின் கட்டில் காலியாக இருந்தது. கம்பி கட்டிய தாடையோடு குழந்தையையும் தூக்கிக்கொண்டு எப்படி நடந்தாள் என்று நர்ஸ்களுக்கே தெரியவில்லை.

அவள் இல்லாமல் வழக்கு நிற்காது, சாட்சிக்கு அழைப்பாணை அனுப்ப வேண்டும், அவள் போன இடத்தைச் சொல் என்று ஆய்வாளர் என்னைக் கேட்கிறார். இந்தக் குடியிருப்பில் யார் வீட்டில் என்ன சமையல் என்பதுவரை தெரிந்தவள் நீ, இது தெரியாதா என்றும் கேட்கிறார். உண்மையாகவே எனக்குத் தெரியாது. சித்தி மகளின் எண் அவளுடைய கைபேசியில் இருந்தது. நான் அதைத் திறந்து பார்க்கவில்லை, உங்கள் ஆட்கள் கடைக்கு வருவதற்கு முன்பே சுத்தியலால் உடைத்துவிட்டேன். சாட்சியத்தை அழித்த குற்றம் என்று ஆய்வாளர் சொல்கிறார். எழுதிக்கொள்ளட்டும். அழைப்பாணையில் அவள் விலாசம் இருக்கும், அதன் நகல் அவனுடைய வக்கீல் கைக்குப் போகும். ஆகவே ஆய்வாளர் அம்மாவை நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அவளைத் தேடாதீர்கள். தேடினால் கிடைத்துவிடுவாள்.

இதுவரை எழுதியதை எனக்குத் தெரிந்த பாஷையில் வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, எவரும் என்னை மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்ல வைக்கவில்லை. தொடர்புக்குக் கைபேசி எண் கேட்கப்பட்டது. இப்போது நான் கைபேசி வைத்துக்கொள்வதில்லை.

(ஒப்பம்) எக்சில்டா கபாசோ